ஒற்றை பாக்டீரியாவின் நொதியை ஒளியில் அளப்பது எப்படி? கிருஷ்ணகிரி அணை நீரை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மாங்கூழ்த் தொழிற்சாலையின் எடைமேடையில் ஒரு லாரி நிற்கிறது. நான்கு டன் பெங்களூரா மாங்காய். தோப்பில் நூறு மரங்கள் என்பதால் மரத்துக்கு நாற்பது கிலோ என்று கணக்கர் எழுதிவிடுவார். தோப்புக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். மா ஒரு வருடம் காய்த்தால் மறுவருடம் ஓயும். இருபது மரங்கள் அள்ளிக் கொடுத்திருக்கும், முப்பது மரங்கள் ஏதோ கொடுத்திருக்கும், மீதி சும்மா நின்றிருக்கும். நாற்பது கிலோ காய்த்த மரம் தோப்பில் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்.

ஏரி நீரின் நொதிச் செயல்பாட்டை அளக்கும் வழக்கமான முறை இந்த எடைமேடைதான். மெத்தில் அம்பெலிஃபெரில் பாஸ்பேட் என்ற சேர்மத்தை நீரில் கலப்பார்கள். பாஸ்பேட்டேஸ் நொதி அதை வெட்டியதும் விடுபடும் மெத்தில் அம்பெலிஃபெரோன், புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். குடுவை மொத்தமும் எவ்வளவு ஒளிர்கிறது என்று கருவி சொல்லும். நல்ல முறைதான், மலிவும்கூட. ஆனால் அந்தப் பொருள் நீரில் கரைந்து பரவிவிடுவதால் எந்த பாக்டீரியா வெட்டியது என்பதற்குத் தடயம் இருக்காது. ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருந்தால் பத்து லட்சமும் கொஞ்சம் கொஞ்சம் உழைத்தனவா, ஒரு லட்சம் மட்டும் மாடாய் உழைத்தனவா? இதற்கு விடை வேண்டுமென்றால் மரம் மரமாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

தொடங்குமுன் ஒரு சிறு விலகல். தருமபுரியில் நான் ஃப்ளோரசன்ஸ், அதாவது ஓர் ஒளி பட்டதும் பொருள் வேறு நிறத்தில் ஒளிர்வது, என்று சொன்னால் டீக்கடையில் உடனே வரும் கேள்வி: "நம்ம போர் தண்ணி ஃப்ளூரைடு ஆராய்ச்சியா சார்?" பல்லில் மஞ்சள் கறை படிந்த மாவட்டத்தில் அது நியாயமான கேள்வி. இரண்டும் வேறு என்று பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, பெயரில் இரண்டும் பங்காளிகள். ஃப்ளோர்ஸ்பார் என்ற கால்சியம் ஃப்ளூரைடு கனிமம் புறஊதா ஒளியில் மின்னுவதை வைத்தே 1852-ல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் ஃப்ளோரசன்ஸ் என்ற சொல்லை உருவாக்கினார். அதே கனிமத்தின் பெயரிலிருந்துதான் ஃப்ளூரினும் வந்தது. போதாக்குறைக்கு, ஃப்ளூரைடு அமில பாஸ்பேட்டேஸ் நொதிகளைத் தடுக்கக்கூடியது. ஆகவே ஆழ்துளைக் கிணற்று நீரில் இந்தச் சோதனையைச் செய்பவர்கள் ஃப்ளூரைடு அளவையும் குறித்துக்கொள்வது நல்லது. டீக்கடைக்காரர் முழுக்கத் தவறாகக் கேட்கவில்லை.

எந்த நொதி, எந்தச் சாயம்

இந்த வழிகாட்டி முக்கியமாகப் பாஸ்பேட்டேஸைப் பற்றியது. காரணம் எளிது. நீரில் கரைந்த பாஸ்பேட் குறையும்போது பல பாக்டீரியாக்கள் இந்த நொதியைச் சுரந்து, கரிமச் சேர்மங்களில் மாட்டியிருக்கும் பாஸ்பேட்டை வெட்டி எடுத்துக்கொள்ளும். பாஸ்பேட் தாராளமாக இருந்தால் அந்தச் செலவை மிச்சம் பிடிக்கும். தென்பெண்ணை ஆறு கர்நாடகத்திலிருந்து கழிவைச் சுமந்துகொண்டு ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகு திறந்தால் நுரை மலைபோல் எழுவதை எல்லோரும் செய்திகளில் பார்த்திருக்கிறோம். அங்கிருந்து இறங்கி, 1957-ல் காமராஜர் திறந்துவைத்த கிருஷ்ணகிரி அணைக்கு வந்து தேங்குகிறது. ஒரே ஆறு, இரண்டு தேக்கங்கள். மேலே உள்ள பாக்டீரியாவும் கீழே உள்ளதும் பாஸ்பேட்டுக்கு ஒரே மாதிரி அலைகின்றனவா என்பது கேட்கத் தகுந்த கேள்வி.

சாயத்தின் பெயர் இ.எல்.எஃப்-97 பாஸ்பேட். இது நீரில் கரையும், அந்த நிலையில் நமக்குத் தேவையான ஒளியைத் தராது. நொதி பாஸ்பேட்டை வெட்டியதும் மீதமுள்ள பகுதி நீரில் கரையாத படிகமாக, வெட்டிய இடத்திலேயே விழுந்துவிடும். ஏறக்குறைய 345 முதல் 365 நானோமீட்டர் வரையிலான புறஊதா ஒளி பட்டால் அந்தப் படிகம் 530 நானோமீட்டர் அருகே மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். குற்றம் நடந்த இடத்திலேயே தடயம் கிடைக்கிறது. எல்லாச் சாயங்களிலும் இந்த ஒரு குணத்துக்காகவே நான் இதைத் தேர்ந்தெடுக்கிறேன்.

இதற்குத் துணையாக சி.டி.சி. என்ற டெட்ரசோலியம் உப்பு. சுவாசிக்கும் பாக்டீரியாவின் எலக்ட்ரான் கடத்தும் அமைப்பு இதை ஒடுக்கி, செல்லுக்குள் சிவப்பாக ஒளிரும் ஃபார்மசானாக மாற்றும். எது உயிரோடு உழைக்கிறது என்று ஒரு மதிப்பீடு கிடைக்கும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

கண்ணாடிப் பொருள்கள்: முதல் எதிரி சோப்புத்தூள்

எல்லாக் குடுவைகளையும் பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் பல முறை அலசுங்கள். கடையில் விற்கும் சோப்புத்தூள் மட்டும் வேண்டாம். பாஸ்பேட் இருக்கக்கூடும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், வெளுப்பைக் கூட்டிக் காட்டுவதற்காக அதில் ஒளிரும் வெண்மையூட்டிகளைச் சேர்க்கிறார்கள். புதிதாகத் துவைத்த வேட்டி புறஊதா விளக்கில் நீலமாகப் பளிச்சிடுவது அதனால்தான். நம் சோதனையும் அதே புறஊதாவில் நடக்கிறது. சட்டையிலிருந்து உதிரும் ஒரு பஞ்சு இழை போதும், நுண்ணோக்கியில் வானவில்லின் ஒரு பாதி தெரியும். கெலவரப்பள்ளி நீரிலேயே சலவைக் கழிவு இருக்கும் என்பதால் சாயம் போடாத வெற்று மாதிரி ஒன்று அங்கே கட்டாயம்.

சாயம் கலக்கவும் கழுவவும் பயன்படுத்தும் நீர் எல்லாம் 0.2 மைக்ரான் துளையுள்ள வடிதாளில் வடிகட்டியதாக இருக்க வேண்டும். இங்கே என் சொந்தக் கூத்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நுண்ணுயிரியல் படித்தவர்களுக்குக் கை தானாகவே பாஸ்பேட் தாங்கல் உப்புக் கரைசலுக்குப் போகும். நானும் அதில்தான் மாதிரியை நீர்த்தேன். ஒரு மாதம் முழுக்க எதுவும் ஒளிரவில்லை. அணையில் பாஸ்பேட்டேஸே இல்லை என்று கட்டுரைத் தலைப்புகூட யோசித்துவிட்டேன். பாஸ்பேட் இந்த நொதியின் விளைபொருள். நிறைய இருந்தால் நொதியின் வாயை அடைத்துவிடும். நீர்க்க வேண்டுமென்றால் அதே அணை நீரை 0.2 மைக்ரானில் வடிகட்டிப் பயன்படுத்துங்கள்.

மாதிரி எடுத்தல்

நீர்வளத்துறையிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறுங்கள். கரையோரப் பாசிப் படலத்தை மொள்ளாதீர்கள்; மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே, மூடியைத் தண்ணீருக்குள் திறந்து மூடுங்கள். 250 மில்லி போதும். வெப்பநிலை, பி.எச்., எடுத்த நேரம் மூன்றையும் அங்கேயே எழுதுங்கள்.

ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டாம். நாம் பார்க்கப்போவது உயிருள்ள செல்லின் வேலையை. அணை வெப்பநிலையிலேயே, இருட்டில், தண்ணீர் நிரம்பிய ஃப்ளாஸ்க்கில் கொண்டுவருவது நல்லது. கெலவரப்பள்ளியிலிருந்து தருமபுரிக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், சாயத்தை அணைக்கரையிலேயே போட்டுவிட்டால் வினை பயணத்தில் நடந்துவிடும் என்று ஒரு முறை புத்திசாலித்தனம் செய்தேன். சூளகிரி அருகே வண்டி பழுதாகி நின்றது. மாற்று பஸ் வந்து ஏறி ஆய்வகம் சேர்வதற்குள் ஐந்து மணி நேரம். பாக்டீரியாவைவிடப் பெரிய படிகங்கள் வளர்ந்து, எது செல், எது படிகம் என்று தெரியாமல் போயிற்று. வடிகட்டும் கைப்பம்பு கூடவே இருந்தால் மட்டும் கரையில் தொடங்குங்கள். இல்லையென்றால் ஆய்வகம் வந்து, எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் தொடங்குங்கள்.

வினை

சாயத்தின் மூலக்கரைசல் 5 மில்லிமோலார் என்று கொள்வோம். நமக்கு வேண்டிய இறுதிச் செறிவு 20 மைக்ரோமோலார். ஆகவே ஒரு மில்லிலிட்டர் மாதிரிக்கு 4 மைக்ரோலிட்டர். மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். வேகமாகக் குலுக்க வேண்டாம். அணையில் அளந்த அதே வெப்பநிலையில், இருட்டில் வைக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் என்பதற்கு ஒரே விடை கிடையாது. அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி என நான்கு குழாய்களை வைத்து, ஒவ்வொன்றாக வடிகட்டிப் பாருங்கள். படிகம் விழுவதற்கு அந்த இடத்தில் குறிப்பிட்ட அளவு விளைபொருள் சேர வேண்டும். ஆகவே தொடக்கத்தில் கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது. சோம்பலாக உழைக்கும் செல்கள் கடைசிவரை தெரியாமலேயே போகலாம். மறுபுறம், நேரம் கூடினால் படிகம் செல்லை விட்டு வெளியேயும் வளரும். ஒளிரும் செல்களின் எண்ணிக்கை ஏறி, நிலைத்து, படிகங்கள் இன்னும் செல்லின் உருவத்துக்குள் அடங்கியிருக்கும் நேரமே உங்கள் நேரம். புது நீர்நிலை ஒவ்வொன்றுக்கும் இதை மறுபடி செய்தாக வேண்டும். சலிப்பான வேலைதான், இதைத் தவிர்த்தவர்களின் எண்களை நான் நம்புவதில்லை.

வினையை நிறுத்த மெர்குரிக் குளோரைடு பயன்படுத்துவோர் உண்டு. மாணவர்கள் புழங்கும் ஆய்வகத்தில் பாதரச உப்பை நான் அனுமதிப்பதில்லை. நேரம் முடிந்ததும் உடனே வடிகட்டிக் கழுவினால், மிச்சமிருக்கும் சாயம் போய்விடும், வினையும் நின்றுவிடும்.

ஒப்பீட்டு மாதிரிகள்

இதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். செல்லைக் கொல்ல ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) ஊற்றி, அதைச் செத்த மாதிரி என்று வைத்துக்கொள்வார்கள். செல் செத்தாலும் பாஸ்பேட்டேஸ் சாவதில்லை. ஃபார்மலினில் பதப்படுத்திய திசுக்களிலேயே இந்த நொதியை இதே சாயத்தால் பார்க்க முடியும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே மாதிரியைக் கொதிநீரில் நன்றாக வேகவைத்து அல்லது ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவிக் கலன்) செய்து ஆறவைத்து, பிறகு சாயம் போடுங்கள். இளஞ்சூடு போதாது, ஈ.கோலை போன்றவற்றின் கார பாஸ்பேட்டேஸ் சூட்டைத் தாங்கும் பிடிவாதக்காரர்.

இன்னும் மூன்று வேண்டும். சாயமே போடாத மாதிரி, இயற்கையாக ஒளிரும் பாசிகளையும் அழுக்கையும் காட்டும். 0.2 மைக்ரானில் வடிகட்டிய அணை நீரில் சாயம் போட்டது, செல் இல்லாமல் நீரில் மிதக்கும் நொதி எவ்வளவு என்று காட்டும். அதிலும் படிகங்கள் தெரிந்தால் உங்கள் வடிதாளில் ஒளிரும் எல்லாமே பாக்டீரியா அல்ல என்று பொருள். பாஸ்பேட் சில மில்லிமோலார் சேர்த்த மாதிரியில் ஒளிர்வு குறைய வேண்டும். குறையவில்லையென்றால் நீங்கள் பார்ப்பது வேறு ஏதோ.

வடிகட்டலும் டாபியும்

25 மில்லிமீட்டர் விட்டமுள்ள, கறுப்புச் சாயமேற்றிய, 0.2 மைக்ரான் பாலிகார்பனேட் வடிதாளை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் பின்னணி ஒளிர்ந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். தாளின் எந்தப் பக்கம் மேலே என்று பார்த்து வையுங்கள். பளபளப்பான பக்கம் மேல்நோக்கி. உறிஞ்சும் அழுத்தம் 20 கிலோபாஸ்கலுக்குள், அதாவது பாதரச அளவில் 150 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும்.

நீர் இறங்கியதும் பம்பை நிறுத்தி, மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் செறிவுள்ள டாபிக் கரைசலைத் தாள் மூழ்கும் அளவுக்கு ஊற்றி ஐந்து நிமிடம் இருட்டில் விடுங்கள். டாபி, டி.என்.ஏ.வோடு ஒட்டி நீலமாக ஒளிரும். எல்லா பாக்டீரியாக்களையும் காட்டும். பிறகு உறிஞ்சி, கழுவி, தாளைக் காற்றில் உலர்த்துங்கள். ஆல்கஹால் போன்ற கரிமக் கரைப்பான் எதுவும் படக்கூடாது, படிகம் கரைந்துவிடும். கண்ணாடி வில்லையில் தாளைப் பொருத்தும் திரவத்தையும் முதலில் ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள். அன்றைக்கே பார்த்துவிடுவது உத்தமம்.

நுண்ணோக்கியில்

கருவி வாங்குவோர் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம், இங்கே பலருக்குப் பணம் விரயமானது இதில்தான். டாபிக்கான வழக்கமான ஒளி வடிப்பான் தொகுதி, 460 நானோமீட்டர் அருகே உள்ள நீலத்தை மட்டும் உள்ளே விடும். இ.எல்.எஃப். படிகத்தின் ஒளி 530 நானோமீட்டரில். அந்தத் தொகுதியில் பார்த்தால் நம் மஞ்சள் பச்சை முழுக்க மறைந்துவிடும். பச்சைச் சாயங்களுக்கான சாதாரணத் தொகுதியும் உதவாது, அது நீல ஒளியால் தூண்டும். வேண்டியது: புறஊதாவால் தூண்டி, 515 நானோமீட்டருக்கு மேற்பட்ட எல்லா ஒளியையும் விடும் தொகுதி. அதை ஒன்றும், டாபித் தொகுதியை ஒன்றும் மாற்றி மாற்றி, ஒரே இடத்தை இரண்டு படங்கள் எடுக்க வேண்டும். படிகத்தின் படத்தை முதலில் எடுங்கள் என்பார்கள் சிலர். நான் டாபியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் மங்குவது டாபிதான், படிகம் ஒளியில் எளிதில் மங்காது.

100 மடங்கு எண்ணெய் ஆப்ஜெக்டிவ், 365 நானோமீட்டர் எல்.இ.டி. அல்லது பாதரச விளக்கு. கேமராவில் தானியங்கி வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள். ஒளிபடும் நேரம் எல்லாப் படங்களுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும், எந்தச் செல்லும் உச்ச அளவைத் தொட்டு வெளுத்துப் போகக்கூடாது. விளக்கு நாளுக்கு நாள் மாறும். எங்கள் ஊர் மின்னழுத்தத்தில் மணிக்கு மணிகூட மாறுகிறது. தினமும் தொடங்குமுன் ஒளிரும் நுண்மணிகளைப் படமெடுத்து, அதன் ஒளிர்வோடு மற்றவற்றை ஒப்பிட்டால் அந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிடலாம்.

எண்ணுதலும் கணக்கும்

எத்தனை பாக்டீரியா என்பதை முதலில் பார்ப்போம். புனலின் உள்விட்டம் 16 மில்லிமீட்டர் என்றால் வடிகட்டும் பரப்பு ஏறத்தாழ 201 சதுர மில்லிமீட்டர். நுண்ணோக்கியின் கட்டம் பக்கத்துக்கு 100 மைக்ரான் என்றால் அது 0.01 சதுர மில்லிமீட்டர். அப்படி 20,100 கட்டங்கள் தாளில் இருக்கின்றன. ஒரு மில்லிலிட்டர் வடிகட்டி, கட்டத்துக்குச் சராசரி 30 செல்கள் கண்டால், மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய ஆறு லட்சம். கட்டத்தில் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் அடுத்த முறை அளவைக் குறையுங்கள். கழிவு கலந்த நீரில் கால் மில்லிகூடப் போதலாம்.

ஒளிரும் செல் எது என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். கண் நமக்கு வேண்டியதைப் பார்க்கும். இமேஜ்-ஜே என்ற இலவச மென்பொருளில் டாபிப் படத்தை வைத்துச் செல்லின் எல்லையை வரையுங்கள். படிகம் செல்லின் மேற்பரப்பில் விழுவதால் அந்த எல்லையை இரண்டு மூன்று பிக்சல் விரியுங்கள். அதற்குள் இ.எல்.எஃப். படத்தில் உள்ள ஒளிர்வைக் கூட்டி, பக்கத்துப் பின்னணியைக் கழியுங்கள். வேகவைத்த மாதிரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செல்கள் எந்த அளவுக்குக் கீழே இருக்கின்றனவோ, அந்த அளவே எல்லைக்கோடு. அதற்கு மேல் இருப்பது உழைக்கும் செல்.

400 செல்களை எண்ணி 40 ஒளிர்ந்தால் பத்து சதவீதம் என்று எழுதிவிட்டு எழுந்துவிடக் கூடாது. அந்தப் பத்தில் ஏறக்குறைய மூன்று சதவீதப் புள்ளிகள் மேலும் கீழும் வெறும் தற்செயலாலேயே ஆடும். கெலவரப்பள்ளியில் பத்து, கிருஷ்ணகிரியில் பன்னிரண்டு என்றால் அது வித்தியாசமே அல்ல.

இப்போது எடைமேடையையும் மரத்தையும் சேர்க்கலாம். அதே நீரில் அம்பெலிஃபெரில் முறையில் மொத்த வேகத்தையும், 0.2 மைக்ரானில் வடிகட்டிய நீரின் வேகத்தையும் அளந்து, இரண்டாவதை முதலிலிருந்து கழியுங்கள். கற்பனைக் கணக்கு ஒன்று: செல்களுக்கு உரிய வேகம் லிட்டருக்கு மணிக்கு 200 நானோமோல், மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் பாக்டீரியாக்கள். எல்லோருக்கும் பங்கிட்டால் செல்லுக்கு மணிக்கு 0.2 ஃபெம்டோமோல் (ஒரு ஃபெம்டோமோல் என்பது நானோமோலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). ஒளிர்ந்தவை பத்து சதவீதம்தான் என்றால், உழைப்பவர் ஒவ்வொருவரும் 2 ஃபெம்டோமோல் வெட்டியிருக்க வேண்டும். பத்து மடங்கு வித்தியாசம். ஆனால் பாசிகளும் பாஸ்பேட்டேஸ் சுரக்கும் என்பதால், பெரிய ஒளிரும் பாசிகள் படத்தில் நிறைய இருந்தால் இந்தக் கணக்கில் கை வைக்காதீர்கள்.

சராசரியை மட்டும் எழுதாமல், செல்களின் ஒளிர்வை மடக்கை அளவில் வரிசைப்படுத்தி வரைபடமாகப் போடுங்கள். ஒற்றைக் குன்றா, இரட்டைக் குன்றா, நீண்ட வாலா என்பது அதில் தெரியும்.

சி.டி.சி. துணைச் சோதனை

இதைத் தனி மாதிரியில் செய்யுங்கள், இரண்டு சாயங்களையும் ஒன்றாகப் போட வேண்டாம். 50 மில்லிமோலார் கரைசலை அன்றன்றைக்குத் தயாரித்து வடிகட்டி, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு மாதிரி சேர்த்தால் 5 மில்லிமோலார் கிடைக்கும். இருட்டில் ஒன்று முதல் மூன்று மணி நேரம். பிறகு இறுதியில் 2 சதவீதம் வருமாறு ஃபார்மால்டிஹைடு சேர்த்து நிறுத்தி, டாபி போட்டு வடிகட்டலாம். நீல ஒளியில் தூண்டி, 600 நானோமீட்டருக்கு மேல் சிவப்பைப் பாருங்கள். சுவாசத்துக்கு ஃபார்மலின் போட்டுக் கொன்ற மாதிரி சரியான ஒப்பீடுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். சி.டி.சி. பாக்டீரியாவுக்கு விஷத்தன்மை உடையது. உழைக்கும் செல்களில் ஒரு பகுதியைக் காட்டாமலேயே விட்டுவிடும். ஆகவே வரும் எண்ணைக் குறைந்தபட்ச எண்ணாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, நீலப்பச்சைப் பாசியின் பச்சையமும் சிவப்பாகவே ஒளிரும். கோடையில் அணை பச்சையாகத் திரண்டிருக்கும்போது, சாயம் போடாத மாதிரியில் எத்தனை சிவப்புப் புள்ளிகள் என்று எண்ணிக் கழிக்காமல் முடிவு எழுதாதீர்கள்.

ஃபார்மால்டிஹைடு புகை உறிஞ்சும் பெட்டிக்குள் (ஃப்யூம் ஹூட்) மட்டும் திறக்க வேண்டியது. கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். புறஊதா விளக்கை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள். சாயக் கழிவையும் ஃபார்மலின் கழிவையும் தனித்தனி கேன்களில் சேர்த்து, தேதி எழுதி, மருத்துவ, இரசாயனக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். தொட்டியில் கொட்டினால் அது சாக்கடை வழியாக மீண்டும் ஏதாவதொரு நீர்நிலைக்குத்தான் போகும், அடுத்த மாதம் நீங்களே அதை மாதிரியாக எடுத்துக்கொண்டு வருவீர்கள்.